முன்னால் போகும் காருக்கு எத்தனை நொடி விடுறீங்க? எலெக்ட்ரிக் காரில் பலரும் கண்டுகொள்ளாத அந்த ஒரு பட்டன்!

பரனூர் டோல்கேட்டைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி ரோட்டில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்த வண்டிகள் எல்லாம் அங்கேதான் வேகமெடுக்கும். புதிதாக எலெக்ட்ரிக் கார் வாங்கியவர் என்றால், கை தானாக ஸ்டீயரிங்கில் இருக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் பட்டனுக்குப் போகும். 90 என்று செட் செய்துவிட்டால் போதும். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து, இடைவெளி விட்டு, கார் தானே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு நிமிடம் நிம்மதியாகப் போகும். அதற்குள் இடது பக்கத்திலிருந்து ஒரு கார் அந்த இடைவெளிக்குள் நுழையும். நம் கார் வேகத்தைக் குறைக்கும். மறுபடி இடைவெளி, மறுபடி ஒருவர் நுழைவார். பின் சீட்டிலிருந்து "என்னப்பா, இப்படி ஆட்டுது?" என்று குரல் வரும். அப்போதுதான் பலரும் அந்தப் பட்டனைக் கண்டுபிடிப்பார்கள். டிஸ்ப்ளேயில் இரண்டு கார் படங்களுக்கு நடுவே இருக்கும் நான்கு கோடுகள் மூன்றாகும், இரண்டாகும், ஒன்றாகும். "இனிமே எவன் உள்ளே வர்றான்னு பார்க்கலாம்!"

இந்த வாரம் நாம் பேசப்போவது அந்த ஒற்றைக் கோட்டைப் பற்றித்தான். அந்தப் பட்டன் எதை மாற்றுகிறது, அதை எந்த இடத்தில் வைத்திருப்பது நல்லது, எலெக்ட்ரிக் கார் என்றால் கூடுதலாக என்ன தெரிந்திருக்க வேண்டும்? வாங்க, பார்க்கலாம்.

அடாஸ் வந்த கதை

சில வருடங்களுக்கு முன்புவரை 'அடாஸ்' என்பது பல லட்சம் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு கார்களின் சமாசாரம். ஓட்டுநருக்கு உதவும் தொழில்நுட்பங்களின் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். இப்போது நிலைமையே வேறு. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக், 2024 நவம்பரில் சென்னையில் வைத்து அறிமுகமான மஹிந்திராவின் பி.இ 6, எக்ஸ்.இ.வி 9இ, டாடாவின் கர்வ் இ.வி, ஹாரியர் இ.வி என்று பல எலெக்ட்ரிக் கார்களின் உயர் வேரியன்ட்களில் லெவல் 2 அடாஸ் வருகிறது.

லெவல் 2 என்றால் கார் தானே ஓடும் என்று அர்த்தமில்லை. வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் கார் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்; சாலையைப் பார்க்க வேண்டியது நீங்கள். பொறுப்பும் உங்களுடையதுதான். இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் வசதிக்கு 'அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல்' என்று பெயர். ஹூண்டாய், கியா கார்களில் 'ஸ்மார்ட் க்ரூஸ் கன்ட்ரோல்' என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பம்பர் பக்கம் இருக்கும் ரேடாரும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவும் முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

கணக்கு மீட்டரில் இல்லை, நொடியில்!

நான்கு கோடு என்றால் 40 மீட்டர், ஒரு கோடு என்றால் 10 மீட்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. இந்த இடைவெளியை கார் நேரத்தில்தான் கணக்கிடுகிறது. முன்னால் போகும் கார் ஒரு மரத்தைத் தாண்டி எத்தனை நொடி கழித்து நம் கார் அந்த மரத்தைத் தாண்டுகிறது என்பதுதான் கணக்கு. அதனால் வேகம் கூடும்போது, அதே கோடுகளில் வைத்திருந்தாலும் மீட்டர் கணக்கில் இடைவெளி தானாக நீளும்.

ஹூண்டாய் கார்களின் ஓனர்ஸ் மேனுவலில் இதற்கு எண்களே இருக்கின்றன. 90 கி.மீ வேகத்தில் போகும்போது நான்காவது நிலையில் சுமார் 52.5 மீட்டர், மூன்றில் 40 மீட்டர், இரண்டில் 32.5 மீட்டர், ஒன்றில் 25 மீட்டர். 90 கி.மீ வேகத்தில் கார் ஒரு நொடிக்குச் சரியாக 25 மீட்டர் போகும். அப்படியானால் நான்காவது நிலை 2.1 நொடி, மூன்றாவது 1.6 நொடி, இரண்டாவது 1.3 நொடி, முதல் நிலை வெறும் 1 நொடி.

மற்ற கம்பெனிகளில் நிலைகளின் எண்ணிக்கை மாறும். சிலவற்றில் மூன்று, சிலவற்றில் ஐந்து; டெஸ்லாவில் 7 வரை எண்கள் உண்டு. ஆனால், இந்த வசதிக்கென்று ஐ.எஸ்.ஓ 15622 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன்படி, ஓட்டுநர் தேர்ந்தெடுக்கக்கூடிய இடைவெளி 0.8 நொடிக்குக் கீழே போகக் கூடாது. 1.5 முதல் 2.2 நொடிக்குள் ஒரு நிலையாவது கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் கார் எந்த கம்பெனியாக இருந்தாலும், மேனுவலில் இந்தப் பக்கத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஒரு நொடி போதாதா?

'நான் அலர்ட்டா இருப்பேன், ஒரு நொடி போதும்' என்று சொல்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் முழு பலத்தோடு பிரேக் போடாது. பயணிகள் தூக்கியடிக்கப்படக் கூடாது என்பதால், நெடுஞ்சாலை வேகத்தில் அது போடக்கூடிய பிரேக்குக்குத் தரநிலையிலேயே வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு நொடிக்குச் சுமார் 12.6 கி.மீ வேகம் குறையும் அளவுக்குத்தான் அது போடும். ஆனால், முன்னால் போகும் ஓட்டுநர் பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தால், காய்ந்த சாலையில் அவர் கார் நொடிக்கு 29 கி.மீ வரை வேகம் குறைந்து நின்றுவிடும்.

இரண்டு காரும் 90-ல் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இருக்கும் கார் சுமார் 39 மீட்டரில் நின்றுவிடும். நம் கார் க்ரூஸ் கன்ட்ரோலின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்பதற்கு 89 மீட்டர் வேண்டும். ஒற்றைக் கோட்டில் இருந்தால் நமக்குக் கிடைப்பது 25 கூட்டல் 39, ஆக 64 மீட்டர்தான். இன்னும் 25 மீட்டர் பற்றாக்குறை. நான்கு கோட்டில் இருந்தால் 52.5 கூட்டல் 39, ஆக 91.5 மீட்டர். கணினி கொஞ்சமும் தாமதிக்காமல் பிரேக் போட்டால் நூலிழையில் தப்பிக்கலாம்.

நான்கு கோட்டிலேயே நூலிழைதான் என்பதை கவனியுங்கள். இதற்கு மேல் காப்பாற்ற வேண்டியது கடைசி நேரத்தில் தானாக விழும் எமர்ஜென்சி பிரேக், அல்லது உங்கள் கால். சாலையில் திடீரென்று ஒன்று நடக்கும்போது அதைப் புரிந்துகொண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோகவே நமக்கு ஒன்று முதல் ஒன்றரை நொடி ஆகும். க்ரூஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கால் பெடலில் இருக்காது. கவனமும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஒரு நொடி இடைவெளியில் போகும்போது, நீங்கள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் அந்த ஒரு நொடி முடிந்துவிடும்.

கார் தானாக ஓடுகிறது என்பதற்காக இடைவெளியைக் குறைப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான். அந்த நொடிகளை முதன்மையாக காருக்காக விடவில்லை. காரால் முடியாதபோது நீங்கள் கையில் எடுக்க வேண்டுமே, அதற்காக விடுகிறோம்.

'கேப் விட்டா உள்ளே வந்துடுறாங்களே!'

நியாயமான கேள்வி. நம் ஊரில் சாலையில் ஒரு கார் அளவுக்கு இடம் இருந்தால், அது காலி இடம்! கார் நுழையாவிட்டால் பைக் நுழையும். பைக் நுழையாவிட்டால் ஷேர் ஆட்டோ நுழையும்.

சரி, நுழையட்டும். அதனால் நமக்கு என்ன நஷ்டம் என்று பார்த்துவிடலாம். ஒரு கார் நமக்கு முன்னால் நுழைகிறது. நம் கார் அதற்குப் பின்னால் மறுபடி 2 நொடி இடைவெளியை உண்டாக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். முன்பு போய்க்கொண்டிருந்த அதே வேகத்தில்தான் தொடர்ந்து போகப்போகிறோம். ஆக, ஒருவர் நுழைந்தால் நாம் இழப்பது சுமார் 2 நொடி.

சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 330 கி.மீ. வழியில் 60 பேர் நுழைகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 60 பேருக்கு 2 நொடி வீதம் 120 நொடி. இரண்டே நிமிடம்! விக்கிரவாண்டியில் டீ ஆறுவதற்குக் காத்திருக்கும் நேரம்கூட இல்லை. ஆனால், அந்த 60 முறையும் 'விடமாட்டேன்' என்று ஒட்டிக்கொண்டு போனால், இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்க 330 கி.மீ-யும் ஒரு நொடி இடைவெளியில் போகிறோம் என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். ஒருவர் நுழையும்போது கார் சட்டென்று பிரேக் போடுவதுதான் பலருக்கும் எரிச்சல். முன்பே 2 நொடி இடைவெளி இருந்தால், ஒருவர் நுழைந்த பிறகும் நமக்கும் அவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். கார் மெதுவாகப் பின்வாங்கிக்கொள்ளலாம். ஒரு நொடியில் போகும்போது யாராவது நுழைந்தால், கிட்டத்தட்ட பம்பரை உரசிக்கொண்டு நுழைவார்கள். அப்போதுதான் காரும் பதறும். கோடுகளைக் குறைத்தால் குலுக்கல் குறையும் என்று நினைத்துச் செய்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர் எதிர்.

ஜப்பானின் நகோயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் முன்னால் போகும் காரைப் பின்தொடர்ந்தால் போதும். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் டிராஃபிக் ஜாம்! ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குறைக்க, அது அலையாகப் பின்னால் பரவி கடைசியில் ஒருவர் நின்றேவிட்டார். பிறகு அமெரிக்காவின் அரிசோனாவில் இதே மாதிரி வட்டப் பாதையில் செய்த சோதனையில், வரிசையில் ஒரே ஒரு காரை மட்டும் கணினிக் கட்டுப்பாட்டில் நிதானமாக ஓடவிட்டார்கள். அந்த ஒரு கார் அலையை அடக்கிவிட்டது. போதுமான இடைவெளியோடு போகும் ஒருவர், பின்னால் வரும் பத்து இருபது பேருக்கும் சேர்த்து நல்லது செய்கிறார்.

எலெக்ட்ரிக் கார் என்றால் என்ன வித்தியாசம்?

பெட்ரோல் காரிலும் இதே பட்டன் இருக்கிறது. ஆனால் எலெக்ட்ரிக் காரில் நான்கு விஷயங்கள் மாறும்.

முதலாவது, சத்தம். இன்ஜின் சத்தத்தை வைத்தே வேகத்தை ஊகிக்கப் பழகியவர்கள் நாம். எலெக்ட்ரிக் காரில் அது இல்லை. 100-ல் போகும்போதும் 70-ல் போவதுபோல் இருக்கும். அதனால் முன்னால் போகும் கார் உண்மையில் இருப்பதைவிட நிதானமான தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்.

இரண்டாவது, எடை. பேட்டரியினால், அதே அளவு பெட்ரோல் காரைவிடச் சில நூறு கிலோ கூடுதலாக இருக்கும். பிரேக்கும் டயரும் அதற்கு ஏற்றபடிதான் வடிவமைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் மோதல் என்று ஒன்று நடந்தால், அந்தக் கூடுதல் எடை முன்னால் இருப்பவர் மீதுதான் இறங்கும். முன்னால் இருப்பது பைக் என்றால் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, ரீஜென் பிரேக்கிங். வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு கரன்ட் அனுப்பும். க்ரூஸ் கன்ட்ரோலும் வேகத்தைக் குறைக்க முதலில் இதைத்தான் பயன்படுத்தும். இடைவெளி அதிகம் இருந்தால் மெதுவாக, நீண்ட நேரம் ரீஜென் வேலை செய்யும். கொஞ்சம் சார்ஜ் திரும்பி வரும். இடைவெளி குறைவாக இருந்தால் காரும் விருட்டென்று போய், விருட்டென்று பிரேக் போடும். அவசர பிரேக் என்றால் வழக்கமான டிஸ்க் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். அதில் போகும் சக்தி வெறும் சூடாகக் கரைந்துவிடும். ரேஞ்ச் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கும் அதிகக் கோடுகள்தான் லாபம். 'லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று இடிக்காது, ரேஞ்ச் கூடும்' என்று ஒரு டிப்ஸ் சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். லாரியின் பின்பக்கம் நம் கார் பானெட்டைவிட உயரத்தில் இருக்கும். மோதினால் அது நேராகக் கண்ணாடிக்குத்தான் வரும்.

நான்காவதுதான் பலருக்கும் தெரியாதது. பெட்ரோல் காரில் க்ரூஸை கேன்சல் செய்தால் கார் உருண்டு போய்க்கொண்டே மெதுவாக வேகம் குறையும். எலெக்ட்ரிக் காரில் ரீஜென் அதிகமாக வைத்திருந்தால், கேன்சல் செய்த கணத்திலேயே கார் பின்னால் பிடித்து இழுத்ததுபோல் வேகம் குறையும். நீங்கள் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆனால் பின்னால் வருபவருக்கு முன்னால் இருக்கும் கார் திடீரென்று நெருங்கி வரும்.

பிரேக் லைட் எரியாதா? எரியும், ஆனால் எப்போதும் இல்லை. ஐ.நா-வின் பிரேக் விதிமுறைப்படி, ரீஜென்னால் ஒரு நொடிக்குச் சுமார் 4.7 கி.மீ-க்கு மேல் வேகம் குறைந்தால் பிரேக் லைட் கட்டாயம் எரிய வேண்டும். 2.5 கி.மீ அல்லது அதற்குக் கீழே என்றால் எரியக் கூடாது. நடுவில் இருந்தால் அது கார் கம்பெனியின் விருப்பம். ஆகவே, க்ரூஸை கேன்சல் செய்யும் முன் ரியர்வியூ கண்ணாடியைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்துக்கொண்டு கேன்சல் செய்யுங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ரீஜென் பேடில் இருக்கும் கார் என்றால், நெடுஞ்சாலையில் அதைக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் வருபவரும் நம் கணக்கில்தான்

இடைவெளி என்றாலே முன்பக்கம் மட்டும்தான் நினைவுக்கு வரும். கோவையில் 2017 ஜனவரியில் நடந்த ஒரு விபத்து, இது மூன்று பேரின் கணக்கு என்று காட்டியது. நெடுஞ்சாலையில் போன கார் ஒன்று திடீரென்று பிரேக் போட்டது. பின்னால் பைக்கில் வந்த கல்லூரி மாணவர் அதில் மோதி விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பஸ் அவர்மீது ஏறியது. அவருடைய ஒரு கால் போனது.

எட்டு வருடங்களுக்குப் பிறகு, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நெடுஞ்சாலையில் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் திடீரென்று வண்டியை நிறுத்துவது கவனக்குறைவுதான் என்று சொல்லி, கார் ஓட்டியவர் மீது 50 சதவிகிதப் பொறுப்பையும், பஸ் ஓட்டுநர் மீது 30 சதவிகிதப் பொறுப்பையும் வைத்தது. காலை இழந்த மாணவர் மீதும் 20 சதவிகிதம். முன்னால் போன காருக்குப் போதுமான இடைவெளி விடவில்லை, முறையான லைசென்ஸும் இல்லை என்பது அதற்குக் காரணம். அந்த 20 சதவிகிதம் அவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டிலிருந்து கழிக்கப்பட்டது.

முன்னால் இருப்பவர் திடீரென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்பது நம் நாட்டின் சாலை விதிகளிலேயே இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையில், அந்த ஒரு வருடத்தில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து வகைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் 'பின்னாலிருந்து மோதியது'தான்.

இதில் நமக்குப் பாடம் ஒன்று உண்டு. பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்றால், நாம் முன்னால் விடும் இடைவெளியைக் கூட்ட வேண்டும். அப்போதுதான் முன்னால் ஏதாவது நடந்தாலும் நாம் மெதுவாக பிரேக் போட முடியும். பின்னால் வருபவருக்கும் நேரம் கிடைக்கும். நம் காரில் எமர்ஜென்சி பிரேக் இருக்கிறது. பின்னால் வரும் பைக்கில் அது இல்லை.

கார் கண்ணுக்குத் தெரியாதவை

ரேடார் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஓனர்ஸ் மேனுவல்களிலேயே நீளமான எச்சரிக்கைப் பட்டியல் இருக்கும்.

நின்றுகொண்டிருக்கும் வண்டி அதில் முக்கியமானது. இரவில் லைட் இல்லாமல் சாலை ஓரத்தில் பாதி, சாலையில் பாதி என்று நிற்கும் லாரியை, நெடுஞ்சாலை வேகத்தில் வரும் க்ரூஸ் கன்ட்ரோல் கவனிக்காமல் போகலாம். முன்னால் போன கார் கடைசி நொடியில் விலகி, அதற்கு முன்னால் நிற்கும் லாரி தெரிய வந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மாடு, ஆடு, குறுக்கே நடப்பவர், எதிர்ப்பக்கத்தில் வரும் பைக், கம்பி ஏற்றிப் பின்னால் நீட்டிக்கொண்டு போகும் டிராக்டர், இவற்றில் எதையும் கார் பார்த்துக்கொள்ளும் என்று விடக் கூடாது.

ஏற்காடு, கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகும் கார் ரேடாரின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். 'அப்பாடா, ரோடு காலி' என்று நினைத்து நம் கார் வேகமெடுக்கும். மலைப்பாதையில் க்ரூஸே வேண்டாம்.

இன்னொன்று நம் வீட்டு விஷயம். ஆயுத பூஜைக்கு பம்பரில் கட்டும் மாலை, வாழைக்கன்று, ரேடார் மூடிமேல் வைக்கும் சந்தனம் குங்குமம், பிறகு மாட்டும் பம்பர் கார்டு எல்லாம் ரேடாரை மறைக்கும். கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டும்போது கேமராவுக்கு முன்னால் ஒட்டிவிடாதீர்கள். பூஜை முடிந்து வண்டியை எடுக்கும் முன் மாலையைக் கழற்றி, பம்பரை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது!

எப்போது எத்தனை கோடு?

நெடுஞ்சாலையில், பகலில், காய்ந்த சாலையில்: கார் கொடுக்கும் அதிகபட்ச இடைவெளி. நான்கு என்றால் நான்கு. குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு படி மட்டும்.

இரவில்: அதிகபட்ச இடைவெளி, கூடவே வேகத்தில் 10 கி.மீ குறைவு.

தூறலில்: அதிகபட்ச இடைவெளிகூடப் போதாமல் போகலாம். ஈரச் சாலையில் நிற்க அதிக தூரம் வேண்டும். செட் செய்த வேகத்தைக் குறையுங்கள். வைப்பரை வேகமாக ஓடவிட வேண்டிய அளவுக்கு மழை என்றால் க்ரூஸை ஆஃப் செய்துவிடுங்கள்.

முன்னால் லாரி, பஸ், டேங்கர் போனால்: அதிகபட்ச இடைவெளி. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது.

ஊருக்குள், மார்க்கெட் தெருவில், பள்ளி விடும் நேரத்தில்: க்ரூஸ் ஆஃப். கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒற்றைக் கோடு எதற்கு? நெரிசலில் ஊர்ந்து போகும்போது சிலருக்கு வசதியாக இருக்கலாம். ஆனால், அந்த இடத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு வந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காரை ஆஃப் செய்து ஆன் செய்தால் பழைய நிலை இருக்குமா, மாறுமா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அதனால் ஒவ்வொரு முறை க்ரூஸ் ஆன் செய்யும்போதும் கோடுகளை ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

உங்கள் காரின் நிலைகள் எத்தனை நொடி என்று மேனுவலில் இல்லையா? நீங்களே அளந்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். முன்னால் போகும் கார் ஒரு கிலோமீட்டர் கல்லையோ, மேம்பாலத்தின் நிழலையோ தாண்டும்போது 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு' என்று நிதானமாக எண்ண ஆரம்பிக்க வேண்டும். 'ஆயிரத்து ரெண்டு' சொல்லி முடிக்கும் முன்பே நீங்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் இடைவெளி போதவில்லை.

பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு

'எனக்கு கார் ஓட்டவே தெரியாது, எனக்கு எதுக்கு இதெல்லாம்' என்று இதுவரை படித்தவர்கள் நினைத்திருந்தால், இது உங்களுக்குத்தான். எலெக்ட்ரிக் காரில் போனால் தலைசுற்றுகிறது, குமட்டுகிறது என்று சொல்லும் அம்மாக்களும் பாட்டிகளும் குழந்தைகளும் உண்டு. கார் திரும்பத் திரும்ப முன்னால் தள்ளிப் பின்னால் இழுப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஓட்டுபவரிடம் "கொஞ்சம் மெதுவா போ" என்று சொல்லிப் பார்த்திருப்பீர்கள். 'நான் 80-லதான் போறேன்' என்று பதில் வந்திருக்கும். அடுத்த முறை வேறு மாதிரி கேளுங்கள்: "தம்பி, எத்தனை கோடு வெச்சிருக்கே?"

நான்கு கோடும், ரீஜென் குறைவாகவும், இகோ மோடும் வைத்தால் அந்தக் குலுக்கல் நன்றாகவே குறையும். வயிறும் நன்றி சொல்லும்.

இந்த வார இறுதியில் காரை எடுக்கிறவர்கள், கிளம்பும் முன்பே வீட்டு வாசலில் வைத்து அந்தப் பட்டன் ஸ்டீயரிங்கில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். சாலையில் போய்க்கொண்டே தேட வேண்டாம். பாதுகாப்பாகப் போய்ட்டு வாங்க மக்களே, அடுத்த வாரம் சந்திப்போம்!